‘சாணக்யா’ தொடரில் அந்தச் சூடான கஞ்சிக் காட்சி உண்டா?

வணக்கம் நண்பர்களே. 1991-இல் தூர்தர்ஷனில் வந்த ‘சாணக்யா’ இந்தித் தொடரை (சந்திரபிரகாஷ் துவிவேதி இயக்கி, அவரே சாணக்கியராக நடித்தது) முழுதாகப் பார்த்தவர்கள் உதவ வேண்டும். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ‘படைபலமா, தந்திரமா’ என்று பேசப் போகிறேன்.

12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய பரிசிஷ்டபர்வம் என்ற சமண நூலில் ஒரு கதை. நந்த மன்னர்களின் தலைநகரான பாடலிபுத்திரத்தை நேராகத் தாக்கித் தோற்ற சாணக்கியரும் சந்திரகுப்தனும் தலைமறைவாகத் திரிகிறார்கள். ஒரு குடிசையில் சிறுவன் சுடச்சுட இருக்கும் கஞ்சியின் நடுவில் கையை விட்டு அலறுகிறான். “நீயும் அந்தச் சாணக்கியனைப் போல முட்டாள்தான், ஓரத்திலிருந்து சாப்பிடக் கூடாதா?” என்று திட்டுகிறாள் கிழவி. அதன் பிறகுதான் எல்லைப் பகுதிகளை முதலில் பிடிக்கிறார்கள். எவ்வளவு பெரிய போர்ப் பாடம், அதுவும் அடுப்படியில்!

இது தொடரில் வருகிறதா? வந்தால் எத்தனையாவது பகுதி? சண்டைக் காட்சிகள் வேண்டாம், அவை எந்தத் தொடரிலும் ஒரே மாதிரிதான்.

அப்புறம், முத்ராராட்சசம் என்ற சமஸ்கிருத நாடகத்துக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா? நந்தர்களின் அமைச்சரான ராட்சசனின் முத்திரை மோதிரத்தையும் ஒரு போலிக் கடிதத்தையும் வைத்தே எதிரணியைச் சாணக்கியர் உடைக்கும் இடம்தான் எனக்கு முக்கியமாக வேண்டும்.