கடன் அறிக்கையை யார் பார்க்கலாம் என்பதை நாம் கட்டுப்படுத்த முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். "எவ்வளவு வரைக்கும் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று அங்கிருந்த பையன் பான் எண்ணைக் கேட்டார். கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஃபிரிட்ஜ் வாங்கவில்லை. சென்ற வாரம் வீட்டுக் கடனுக்காகப் போனபோது வங்கி மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: அந்த நாளிலிருந்து ஒன்பது நாட்களுக்குள் ஐந்து நிறுவனங்கள் என் சிபில் அறிக்கையை, அதாவது என் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையை, எடுத்திருக்கின்றன. இரண்டின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இருபது ஆண்டுகளில் ஒரு தவணை கூடத் தவறாத என்னை, பணத்துக்கு அலைகிறவன் போல அந்தப் பக்கம் காட்டுகிறது. இவற்றை நீக்க முடியுமா? இனி எவரும் பார்க்காதபடி பூட்டி வைக்க வழி உண்டா?

ஏற்காடு, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
ஐயா, நீங்கள் ஓடிபி சொன்னதை ஒப்புதல் என்றே அந்தக் கடையோடு தொடர்புடைய நிதி நிறுவனம் வாதிடும். ஆகவே அந்த ஒரு பதிவை நீக்குவது கடினம். ஆனால் ஒருவருக்குக் கொடுத்த ஒப்புதல் ஊருக்கெல்லாம் கொடுத்ததாகிவிடாது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், அனுமதியின்றி ஒருவரின் கடன் தகவலைப் பார்ப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

முதலில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலிருந்தும் முழு அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும், நாமே எடுப்பதால் நம் கடன் மதிப்பெண் குறையாது. யார் யார் அறிக்கையை எடுத்தார்கள் என்று காட்டும் விசாரணைப் பகுதியில் நிறுவனத்தின் பெயர், தேதி, எந்தக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்கு என்பன வரிசையாக இருக்கும். கடையின் பெயர் அங்கே இருக்காது, பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும் என்பதால், கேள்விப்படாத பெயர் என்றாலே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். தெரியாத இரண்டையும் குறிப்பிட்டு, என் ஒப்புதலுக்கான ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று அந்த நிறுவனங்களுக்கும் சிபிலுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதன் பிறகும் பதில் திருப்தியாக இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன.

பூட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 2018 முதல் எவரும் தம் அறிக்கையைக் கட்டணமின்றி முடக்கி வைக்கக் கூட்டாட்சிச் சட்டமே வகை செய்கிறது. நம்முடைய 2005 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அம்மாபேட்டை வாசகி:
அண்ணா, யாராவது அறிக்கையை எடுத்தால் நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் வரவில்லையே என்று தேடியபோதுதான், தறிக்கடன் வாங்கிய காலத்துப் பழைய கைப்பேசி எண்ணே வங்கிக் கணக்கில் இன்னும் இருப்பது தெரிந்தது. புதிய எண்ணை எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு அந்த ஐந்து முறையும் செய்தி வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் அதுவே புகாருக்கு ஆதாரம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
இருவருக்கும் நன்றி. பழைய செய்திகளைத் தேடியதில் மூன்று கிடைத்தன. விளம்பரம் என்று நினைத்து விட்டிருக்கிறேன். இன்று இரண்டு நிறுவனங்களுக்கும் புகார் அனுப்பிவிட்டேன். வீட்டுக் கடன் விண்ணப்பத்தை முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கட்டுமா?

ஏற்காடு, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
நிறுத்த வேண்டாம் ஐயா. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, புகார் எண்களோடு அந்த மேலாளரிடமே கொடுங்கள். வேறு வங்கிகளில் இப்போது விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் இன்னொரு விசாரணையாகப் பதிவாகும்.