வளவுக்குள் திடீரென்று குழி: பழைய பங்கரா, நிலம் உள்வாங்கியதா?

செம்பாட்டுவளவு:
வணக்கம். வீடு உரும்பிராய்ப் பக்கம். போன கிழமை இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த பிறகு பார்த்தால், கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவில் ஒரு குழி. வாய் தாச்சி அளவுதான், ஆனால் டோர்ச் அடித்தால் உள்ளே அகன்றுகொண்டு போகிறது, அடி தெரியவில்லை. அம்மம்மா "அது 87இல் சண்டைக்குப் பயந்து வெட்டின பங்கர்தான், பதுங்குகுழி" என்கிறா. பக்கத்து வீட்டு அண்ணை குப்பையையும் கல் உடைசலையும் கொட்டி மூடச் சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவு, எனக்கென்றால் நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்தில் நிலம் இப்படித் தானாக விழுமா? வீட்டுக்கு ஆபத்தா?

பழைய புவியியல் வாத்தி:
விழும் தம்பி. நாங்கள் இருப்பதே ஓட்டை விழுந்த சுண்ணக்கல்லின் மேல்தான், செம்பாட்டு மண் அதன் மேல் போர்த்த போர்வை. மழைத்தண்ணீர் காற்றிலும், அதைவிடக் கூடுதலாக மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி இறங்கும். சோடாவில் இருக்கிற அதே அமிலம்தான். அது கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் போய், ஆயிரக்கணக்கான வருசமாகக் கல்லைத் தின்று பொந்தாக்கும். ஆகவே போன கிழமை மழையில் உங்கள் கல் கரையவில்லை, பொந்து எப்போதோ உண்டானது. அதற்குள் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருந்திருக்கும். கடைசியில் மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு மண்கூரை மட்டும் மிஞ்சும், மழையில் ஊறிப் பாரம் ஏற அது பொத்தென்று விழும். வாய் சின்னதாக, உள்ளே அகலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றிவர நீங்கள் நிற்கிற நிலமும் கூரையாக இருக்கலாம். எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆழமான நீர்நிலைகளான நிலாவரையும் ஊரெழுப் பொக்கணையும் இப்படிக் கூரை விழுந்து வாய் திறந்தவைதான். அந்தக் காலத்தில் விழுந்ததால் கேணியாகிக் கதையும் பிறந்தது. இன்றைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் கதை வேறு.

கிணறுவெட்டி_கோண்டாவில்:
ஐயா சொல்வது சரி, ஆனால் அம்மம்மாவையும் தள்ளிவிட வேண்டாம். நான் 30 வருசமாகக் கிணறு வெட்டுகிறேன், இப்படிக் கூப்பிட்டுக் காட்டின குழிகளில் பாதிக்கு மேல் பழைய பங்கர், தூர்த்த கிணறு, இல்லாவிட்டால் மலகூடக் குழி. பங்கர் என்றால் மூலை சதுரமாக இருக்கும், உக்கின பனங்குற்றியோ மண்மூட்டைச் சாக்கோ தெரியும். கிணறு என்றால் வட்டமாகக் கட்டின கல். ஒன்றும் இல்லாமல் கோணல்மாணலாகக் கல் தெரிந்தால், மண் ஒரு பக்கமாகச் சறுக்கி உள்ளே போயிருந்தால், அது பொந்து. பங்கர் என்று தெரிந்தால் மண்வெட்டி போடாதீர்கள், உள்ளே வெடிக்காத குண்டு ஏதும் கிடக்கிறதோ தெரியாது, முதலில் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கூரைப் பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது? அந்தப் பக்கமாக ஓடினால் இன்றைக்கே மாற்றி விடுங்கள். வீட்டில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்புப் போகிறதா, கதவு திடீரென்று இறுகுகிறதா என்றும் பாருங்கள். வெடிப்புக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைத்தால் கூடுகிறதா என்று தெரியும்.

ரொறொன்ரோ மச்சான்:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். முன்பு புளோரிடாவில் வேலை செய்தேன், அங்கேயும் சுண்ணக்கல்தான். 2010 தை மாதம் 11 நாள் உறைபனி, ஸ்ட்ரோபெரித் தோட்டக்காரர்கள் பயிரைக் காப்பாற்ற இரவிரவாக நிலத்தடித் தண்ணீரை இறைத்துத் தெளித்தார்கள். பிளான்ட் சிற்றிப் பக்கம் நீர்மட்டம் மளமளவென்று இறங்க, நூற்றுக்கு மேற்பட்ட குழிகள், றோட்டிலும் வீட்டு வளவுகளிலும். பொந்துக்குள் நிற்கிற தண்ணீரும் கூரையைத் தாங்குகிறது, அதை எடுத்தால் தாங்க ஆளில்லை. மழை மட்டும் காரணமில்லை என்பதற்காகச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் கோடை முழுக்க வோட்டர் பம் ஓடியதா?

பழைய புவியியல் வாத்தி:
நல்ல கேள்வி. எங்கள் ஊரில் அதற்கு இரட்டைத் தண்டனை, நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது, கனக்க இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். நிலாவரையிலேயே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

செம்பாட்டுவளவு, அந்தக் குப்பை யோசனையைக் கேட்டுவிடாதீர்கள்! மண் வடிகட்டுவதுபோல் சுண்ணக்கல் வடிகட்டாது. வெடிப்புக்குள் போட்டது வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போகும், உங்களுடையதற்கு மட்டுமில்லை, அண்ணையுடையதற்கும்தான். தண்ணீர் கலங்கியிருந்தால் சோதிக்கும்வரை குடிக்க வேண்டாம், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மற்றது போகாது. கிராம சேவகருக்கு எழுத்தில் கொடுங்கள், குழி பெருத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

கிணறுவெட்டி_கோண்டாவில்:
மூடுவதென்றாலும் ஆட்கள் வந்து பார்த்த பிறகு, அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், பிறகு சல்லி, மணல், கடைசியில் மண். மண்ணை மட்டும் கொட்டினால் அடுத்த மாரிக்கு அதுவும் கீழே போய்விடும்.

செம்பாட்டுவளவு:
எல்லோருக்கும் நன்றி. நாலு பக்கமும் தடி நட்டு, பத்தடி தள்ளிக் கயிறு கட்டியாயிற்று. தூர நின்று நீட்டுத் தடியில் போனைக் கட்டிப் படம் எடுத்தோம், சதுரமும் இல்லை, பனங்குற்றியும் இல்லை, கோணல் கல்தான். அம்மம்மா இன்னும் நம்பவில்லை. கிராம சேவகர் திங்கட்கிழமை வருகிறாராம். பக்கத்து அண்ணை இதை வாசிப்பதற்கு முன்பே இரண்டு தள்ளுவண்டி குப்பை கொட்டிவிட்டார், இப்போது தன் கிணற்றை எட்டி எட்டிப் பார்க்கிறார்.