பாட்டத்துக்கு விட்டவரும் பாட்டத்துக்கு எடுத்தவரும்

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து:

பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்ட வயலுக்காக நடந்த எங்கள் வழக்கில் முதல் ஆவணம் அம்மாவின் நோட்டு. பால் கணக்கும் நெல் கணக்கும் ஒன்றாகக் கிடக்கும். "கன்னிப்பூ, நாலு கோட்டை, ஈரம்" என்று ஒரு வரி. "கும்பப்பூ மூன்றரை, மீதி சித்திரையில் வந்தது" என்று இன்னொன்று. கன்னிப்பூவும் கும்பப்பூவும் எங்கள் குமரி மாவட்டத்தின் இரண்டு நெல் போகம், கோட்டை நெல் அளவு. சானல் (பாசனக் கால்வாய்) கரையில் எழுபது சென்ட் வயல். அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் 1989இல் மாமாதான் ஆள் பார்த்துப் பாட்டத்துக்கு விட்டார். சீட்டு எதுவும் எழுதவில்லை. தெரிந்தவரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்பது மாமாவின் எண்ணம். அந்தப் பெரியவர் இருந்தவரை பாட்டம் பாக்கி நின்றதே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் மகன் காலத்தில் நெல் போய் வாழை வந்தது, நெல்லுக்குப் பதில் ரூபாய் வந்தது. 2018இல் அப்பா இறந்தார். அடுத்த வருடம் பாட்டம் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் பாகம் பிரித்து விற்றுவிடலாம் என்று போய் நின்றபோது அவர் வரப்பிலிருந்து இறங்காமலே கேட்டார்: "எந்த வயலை விற்கப் போகிறீர்கள் அண்ணாச்சி? இதை எங்கள் அப்பா உங்கள் மாமாவிடம் ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டாரே."

மாமா அப்போது உயிரோடு இல்லை.

பத்து நாளில் முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன். நாங்கள் அவருடைய அனுபோகத்தில் தலையிடக் கூடாது என்று நிரந்தரத் தடை கேட்டிருந்தார். பிராதில் ஒரு பத்தியில் வாய்மொழியாக வாங்கினோம் என்றிருந்தது. அடுத்த பத்தியில், அப்படி இல்லையென்றாலும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் தங்கள் கையில் இருப்பதால் தங்களுக்கே பாத்தியம் என்றிருந்தது. அதற்கும் கீழே, அதுவும் இல்லையென்றால் தாங்கள் சாகுபடி குத்தகைதாரர், 1955ஆம் வருடச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி வெளியேற்ற முடியாது என்றிருந்தது. எங்கள் வக்கீல் மூன்று பத்தியையும் சிவப்பு மையால் வளைத்துவிட்டுச் சிரித்தார். நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தை வாயால் விற்க முடியாது, பத்திரம் பதிய வேண்டும். குத்தகைக்காரனாக உள்ளே வந்தவன் எத்தனை வருடம் உழுதாலும் அது உடையவரை எதிர்த்துக் கையில் வைத்திருந்து உரிமை பெறும் எதிரிடை அனுபோகம் ஆகாது. மூன்றாவது பத்திதான் வலுவானது என்றார். ஆனால் உடையவருக்கு உரிமையே இல்லை என்று வேண்டுமென்றே மறுப்பது அதே சட்டத்தில் வெளியேற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் மறந்துவிட்டார் போலும்.

எங்கள் கையிலும் எல்லாம் சுத்தமாக இல்லை. தாத்தா வாங்கிய பத்திரத்தில் தேதி கொல்லம் 1112 தை. ஆவணியில் பிறக்கும் ஆண்டு ஆகையால் தை மாதத்துக்கு 825 கூட்ட வேண்டும், 1937 வரும். வடக்கே சானல் தவிர மற்ற மூன்று எல்லைக்கும் ஆள் பெயர்தான். அவர்களில் யாருடைய பேரன் யார் என்று ஊரிலேயே சண்டை. பத்திரத்தில் இருந்தது பழைய சர்வே எண், பட்டாவில் இருந்தது ரீசர்வே எண். கோர்ட் நியமித்த கமிஷனர் சர்வேயரோடு வந்து சங்கிலி பிடித்தபோது அறுபத்தாறு சென்ட்தான் தேறியது. நாலு சென்ட்டை யார் தின்றார்கள் என்று இன்றுவரை தெரியாது. பட்டா மட்டும் இருந்தால் உரிமை நிலைநாட்டியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கோர்ட்டில் வந்து உட்கார வேண்டும். பட்டா வரி கட்டுவதற்கான கணக்கு, பத்திரத்தின் இடத்தில் அது நிற்காது.

வழக்கைத் திருப்பியது அம்மாவின் நோட்டு இல்லை, ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30 அன்று வாழை மொத்தமும் சாய்ந்தது. நிவாரணத்துக்கு மனுக் கொடுத்தபோது அவர் தம் கையாலேயே "நில உடைமையாளர்" என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும், தம் பெயருக்கு நேரே "பாட்டம்" என்றும் எழுதியிருந்தார். கிராம நிர்வாக அலுவலர் பயிர்க் கணக்கான அடங்கலோடு அந்த மனுவையும் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவந்தார்.

நிலம் எங்களுடையது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அவரைச் சட்டப்படி அல்லாமல் இறக்கக் கூடாது என்றும் வந்தது. அதற்கு வருவாய் நீதிமன்றத்தில் தனி மனு. அவர் நாகர்கோவிலில் கடை வைத்திருக்கிறார், கூலிக்கு ஆள் விட்டுத்தான் பயிர் செய்கிறார். தானோ குடும்பத்தாரோ உடல் உழைத்தால்தான் சாகுபடி குத்தகைதாரர், ஆகவே ஜெயிக்கலாம் என்றார் வக்கீல். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு சென்ட்டை எழுதிக் கொடுத்துச் சமாதானமாகப் போனோம். தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

குலசேகரத்திலிருந்து:

நாங்கள் மறுபக்கம். எண்பது சென்ட் விளையை (மேட்டு நிலத்தை) இரண்டு வருடப் பாட்டத்துக்கு எடுத்து நேந்திரன் வாழை வைத்தோம். ஓணத்துக்கு வெட்டும் கணக்கில் ஐப்பசியில் கன்று நட்டோம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுத்து உண்டு, பதிவு செய்யவில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆனி மாதம் உடையவர் விளையை விற்றுவிட்டார். வாங்கியவர் கம்பிவேலியும் ஆளுமாக வந்தார். குலை தள்ளி, காய் இன்னும் விரல் கனம்கூட ஆகவில்லை. "பத்திரம் என் பெயரில் இருக்கிறது அக்கா, நீங்கள் யார்?" என்று கேட்டார். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வக்கீல்தான், நிலம் கைமாறினாலும் பாட்டக்காரரின் உரிமை அதோடு போய்விடாது, வாங்கியவர் பழைய உடையவரின் இடத்தில்தான் நிற்கிறார் என்று சொல்லி இடைக்காலத் தடை வாங்கித் தந்தார். பதியாத சீட்டால் இரண்டு வருட உரிமையை நிரூபிக்க முடியவில்லை. நாங்கள் திருட்டுத்தனமாக உள்ளே நுழையவில்லை என்று காட்ட மட்டும் அது உதவியது. உரக்கடை ரசீதும் கன்று வாங்கிய பில்லும்கூட உதவின.

ஆனால் உத்தரவு வருவதற்குள் பதினேழு நாள் மோட்டார் அறைக்குப் பூட்டு. பாதிக் குலை வெம்பிப் போயிற்று. வெம்பின காயை ஓணச் சந்தையில் யார் தொடுவார்கள்?

பூதப்பாண்டிக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு சென்ட்டை இழப்பு போல எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் இறந்தபோது மகன் பெயருக்கு ஒரு சீட்டு நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் இது வந்திருக்குமா?

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து:

வந்திருக்காது. அவர் செய்தது பொய்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கேள்வி நியாயமானது.

மீதி ஐம்பத்துநாலு சென்ட்டை விற்கவில்லை. பங்காளிகளுக்குள் விலை ஒத்துவரவில்லை. வேறொருவருக்கு நெல்லுக்கு விட்டிருக்கிறோம். பதினொரு மாதச் சீட்டு போதும் என்று பலர் சொன்னார்கள். பதிவுச் செலவு மிச்சமாகும், அவ்வளவுதான். தானே உழுது பயிர் செய்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை அது எடுத்துவிடாது. அதனால் மூன்று வருடத்துக்கு எழுதிப் பதிந்தே கொடுத்தோம். போன கும்பப்பூவுக்கு நெல் அளந்து முடிந்ததும் ரசீதை இரண்டு பிரதியாக எழுதி நீட்டினேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நம்பிக்கை இல்லையா அண்ணாச்சி?" என்று சிரித்தார். பேனாவைக் கொடுத்தேன்.