மண்டபத்தில் பின் வரிசைக்குப் பேச்சே புரிவதில்லை, என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்பு வருகிறது. 700 பேர் வருவார்கள். போன வருடமும் இதே மண்டபம்தான். சத்தம் காதைப் பிளந்தது, ஆனால் பாதிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. எங்கள் தமிழையா பேச ஆரம்பித்ததும் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பந்திக்குப் போய்விட்டார்கள். ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த முறையாவது அவர் சொல்வது கடைசி நாற்காலி வரை போய்ச் சேர வேண்டும்.

மண்டபம் 120 அடி நீளம், டைல்ஸ் தரை, மேலே தகர ஷீட். மேடைக்கு இருபுறமும் ஸ்பீக்கர் பாக்ஸ், அங்கிருந்து 60 அடியில் நடுத்தூண்களில் இன்னும் இரண்டு. சத்தத்தைக் கூட்டினால் மைக் கூவுகிறது. லேப்டாப்பைச் சொருகினால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். புரொஜெக்டர் படமும் வெளிறி, விட்டுவிட்டு வந்தது.

பாண்டி மிக்சர்:
தூண் பாக்ஸில்தான் விஷயம் இருக்கிறது. ஒயரில் வரும் சிக்னல் மேடை பாக்ஸுக்கும் தூண் பாக்ஸுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். ஆனால் மேடையிலிருந்து காற்றில் வரும் சத்தம் நம்ம ஊர் வெயிலில் நொடிக்கு சுமார் 350 மீட்டர்தான் போகும். 60 அடியைக் கடக்க 52 மில்லிசெகண்ட். அதனால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்கிறார். தகரத்திலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்புவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்துதான் கூடும்.

தூண் பாக்ஸுக்கு மட்டும் டிலே வைக்கச் சொல்லுங்கள், அதாவது அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வர வேண்டும். 52 வைத்துவிட்டு, அதற்கு மேல் 10, 15 மில்லிசெகண்ட் கூட்டினால் குரல் மேடையிலிருந்தே வருவதுபோல இருக்கும். மிக்சர் (எல்லா மைக்கையும் சேர்த்துச் சத்தத்தைச் சரிசெய்யும் கருவி) டிஜிட்டல் என்றால் அவுட்புட்டிலேயே இந்த வசதி இருக்கும். பழைய அனலாக் மிக்சர் என்றால் நடுவில் டிலே கொடுக்கும் ஒரு ப்ராசஸர் வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், அன்று காலையில் கேட்டால் கிடைக்காது.

மஞ்சக்குப்பம் வாசி:
ஐயா எந்த மைக்கில் பேசினார்? மேடையில் எத்தனை மைக் திறந்திருந்தது?

கெடிலக்கரை:
சட்டையில் குத்தும் மைக். மேடை மேசையில் நான்கு, போடியத்தில் ஒன்று, எல்லாமே ஆனில்தான் இருந்தன.

மஞ்சக்குப்பம் வாசி:
அப்படியென்றால் கூவாமல் எப்படி இருக்கும்! திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், கூவும் எல்லைக்கு 3 டெசிபல் முன்னதாகவே போய்விடுவோம். பேசுபவர் மைக் ஒன்றுதான் ஆனில் இருக்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் சும்மா கிடைக்கும். ஐயாவுக்குக் கை நடுங்குமானால் காதில் மாட்டும் மைக் வாங்கிக் கொடுங்கள், அது வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கும். மேடை பாக்ஸ்கள் எல்லா மைக்குகளுக்கும் முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும்.

பாண்டி மிக்சர்:
லேப்டாப் இரைச்சலுக்கு ஒரு சோதனை. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சிக்கல்தான். டிஐ பாக்ஸ் அல்லது ஐசோலேட்டர் (எர்த் இணைப்பைப் பிரித்து, சிக்னலை மட்டும் விடும் சின்னக் கருவி) வழியாக மிக்சருக்குக் கொடுங்கள். சிலர் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுவார்கள். இரைச்சல் நின்றாலும் நிற்கும், மைக் பிடிப்பவருக்கு ஷாக் அடித்தாலும் அடிக்கும். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

படம் விட்டுவிட்டு வந்ததற்கு நீளமான எச்டிஎம்ஐ கேபிள்தான் காரணமாக இருக்கும். சாதாரண கேபிள் 15 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. கேட் 6 எனும் நெட்வொர்க் கேபிளில், படத்தைத் தூரம் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் போடுங்கள். வெளிறுவதற்கு ஜன்னல் வெளிச்சம் காரணம். பகல் நிகழ்ச்சி என்றால் புரொஜெக்டருக்குப் பதில் எல்இடி திரைதான் சரி. அதற்குப் பணம் இல்லையென்றால் மேடைப் பக்க ஜன்னல்களுக்குக் கருப்புத் துணி கட்டுங்கள்.

கெடிலக்கரை:
இன்று மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, சவுண்ட் சர்வீஸ் தம்பியோடு டிலே வைத்துப் பார்த்தேன். ஒரு தம்பியை மேடையில் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தங்க விலை நிலவரம் எண் எண்ணாகப் புரிந்தது! எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றே ஒன்று பாக்கி: கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் மிக்சர் அணைந்து, ஆன் ஆகும்போது 'டமார்' என்கிறது.

மஞ்சக்குப்பம் வாசி:
மிக்சர், மைக் ரிசீவர், லேப்டாப் மூன்றையும் ஒரு யுபிஎஸ்ஸில் போடுங்கள். பாக்ஸை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், அது இழுக்கும் கரண்டை சின்ன யுபிஎஸ் தாங்காது. மிக்சர் அணையாமல் இருந்தாலே அந்த டமார் வராது. அப்புறம், காலி மண்டபத்தில் கேட்டதைவிட 700 பேர் உட்கார்ந்தால் எதிரொலி இன்னும் குறையும், ஆட்களே சத்தத்தை உறிஞ்சிவிடுவார்கள். ஐயா பேசும்போது மட்டும் சாப்பாட்டுக் கூடத்துக் கதவைச் சாத்திவையுங்கள், பாத்திரச் சத்தம் உள்ளே வராமல் இருக்கட்டும்.