Re: சொல் தேவை: ஆட்சி மாறும் முன் ஆவணங்களை எரிப்பது

> அக்கா, 'ஆவண அழிப்பு' என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் தம்பி, ஆனால் தவறாகப் புரியும். எந்த ஆவணக் காப்பகமும் கெடு முடிந்த ரசீது, வருகைப் பதிவேடு போன்றவற்றைப் பட்டியல் எழுதி, அனுமதி வாங்கித்தான் கழிக்கும். அதுவும் ஆவண அழிப்புதான். 1993-இல், வெள்ளையர் நிறவெறி ஆட்சி முடியும் நேரத்தில், தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவில் நடந்தது அதுவா? தேசியப் புலனாய்வுத் துறை மட்டுமே சில மாதங்களில் சுமார் 44 டன் காகிதத்தையும் மைக்ரோஃபில்மையும் அழித்தது. இரும்பாலை உலையில் போட்டு எரித்தார்கள். அடுத்த ஏப்ரலில் எல்லா இனத்தாரும் வாக்களிக்கும் முதல் தேர்தல். எவர் உத்தரவிட்டார், எவர் காட்டிக்கொடுத்தார் என்பது புது அரசின் கைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம் 1998 அறிக்கையில் இதற்கென்று ஒரு அத்தியாயமே ஒதுக்கியது.

காகிதம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அகமது திமோலின் வழக்கைப் பாருங்கள். 1971-இல் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் காவலில் இருந்தவர், பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று 1972 விசாரணை முடித்துவிட்டது. குடும்பம் விடவில்லை. 2017-இல் மறுபடி விசாரித்தபோது, பழைய பிணப் பரிசோதனை அறிக்கையை நிபுணர்கள் திரும்பப் படித்து, விழுவதற்கு முன்பே பட்ட காயங்கள் உண்டு என்று சொன்னார்கள். கூடவே காவலில் இருந்தவரும் சாட்சி சொன்னார். கொலை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த அறிக்கையும் உலைக்குப் போயிருந்தால்? அப்படிக் கேட்க வழியே இல்லாமல் போன குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம்.

> அப்போ 'சான்றொழிப்பு'?

பொருள் சரி. ஆனால் நம் டர்பன் தமிழ் வகுப்புகளில் ழ, ள இரண்டும் ஒரே மாதிரிதான் வாயில் வருகிறது. 'ஒளிப்பு' என்று காதில் விழுந்தால் எங்கோ பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

> 'சான்றழிப்பு' என்றால் போலீஸ் வழக்குச் சொல் மாதிரி இல்லையா?

இருக்கட்டும் ஐயா. குற்றம்தானே நடந்தது? செய்த கை ஒன்று உண்டு என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும். 'ஆவண இழப்பு' என்று எழுதினால் கரையான் அரித்ததுபோல ஆகிவிடும். இதுவும் 'சான்றளிப்பு' என்று காதில் விழலாம்தான்; ஆனால் எரித்த கதை சொல்லும் இடத்தில் அந்தப் பொருள் பொருந்தாது, 'ஒளிப்பு' பொருந்திவிடும்.

ஆகவே சொற்பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: முறைப்படி கழிப்பது 'ஆவண நீக்கம்', உண்மையை மறைக்க அதிகாரத்தில் இருப்பவர்கள் எரிப்பது, கிழிப்பது, கணினியில் துடைப்பது எல்லாம் 'சான்றழிப்பு'. வினையாக 'சான்றழித்தார்கள்' என்றும் எழுதலாம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.