திருப்புல்லாணிப் பாசுரம்: சிருங்காரமா, பக்தி ரசமா?

கேள்வி | செருந்திநிழல், இராமநாதபுரம்

திருமங்கையாழ்வார் திருப்புல்லாணிக்குப் பாடிய இரண்டு திருமொழிகளையும் (பெரிய திருமொழி 9-3, 9-4) அடுத்த வாசிப்புக் கூட்டத்துக்கு எடுத்திருக்கிறோம். இரண்டிலும் பேசுவது பிரிந்த தலைவி. "விப்ரலம்ப சிருங்காரம்" (பிரிவில் வரும் காதல் சுவை) என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "இல்லை, பக்தி ரசம்" என்கிறார். எது சரி? பெருமாள் மேல் காதல் என்றால் பழைய இலக்கணம் அதை எங்கே வைக்கும்?

மறுமொழி 1 | ஏடுபார்ப்பவர்

முதலில் காலத்தைப் பாருங்கள். திருமங்கை 8ஆம் நூற்றாண்டு. பக்தியை ஒரு முழு ரசமாக வகுத்துக் கட்டிய ரூப கோஸ்வாமி 16ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்திய காஷ்மீரச் சமஸ்கிருத இலக்கண மரபு பக்திக்கு அந்த இடத்தைத் தரவே இல்லை. அபிநவகுப்தர் அதைச் சாந்தம் என்ற அமைதிச் சுவைக்குத் துணையாக வைத்தார். 11ஆம் நூற்றாண்டு மம்மடர் இன்னும் கறார்: தெய்வத்தின் மேல் வரும் ரதி (காதல்) வெறும் பாவம், அதாவது உணர்ச்சி நிலை, ரசமாகாது. ஆக, அவர்கள் கணக்கில் இந்தப் பாட்டு சிருங்காரமும் இல்லை, பக்தி ரசமும் இல்லை!

தமிழ்க் கணக்கு வேறு. 9-4 முதல் பாசுரத்தைத் திணையாகப் பிரியுங்கள். மடல் நிறைந்த பெண்ணை, அதாவது பனை. அதில் துணை பிரியாத அன்றில் பறவையின் குரல். அம்பு பட்ட புண்ணுக்குள் வேல் நுழைவதைவிட அது கொடிது என்கிறாள். கேட்பவள் 'பாவாய்' என்று விளிக்கப்படும் தோழி. பனை, அன்றில், இரங்கல்: அப்பட்டமான நெய்தல், கடற்கரைத் திணை. 9-3இல் புன்னை அரும்பு முத்தாகிறது. முத்துக்குளித்த கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

சிக்கல் பெயரில். காதலைப் பாடும் அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' (யாரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது) என்பது தொல்காப்பிய விதி. ஊர்ப்பெயர் வரலாம், சங்க அகப்பாட்டிலேயே கொற்கையும் தொண்டியும் வருகின்றன. ஆனால் 'புல்லாணி கைதொழுதேன்' என்றதும் தலைவன் யாரென்று தெரிந்துபோகிறது. அப்படித் தெரிந்துவிட்டால் பாட்டு புறத்துக்கு நகர்ந்துவிடும். அதற்கும் தொல்காப்பியமே வழி வைத்திருக்கிறது: 'காமப் பகுதி கடவுளும் வரையார்', அதாவது காதல் பாட்டைக் கடவுளுக்கும் விலக்க மாட்டார்கள். புறத்திணை இலக்கணமான புறப்பொருள் வெண்பாமாலையில், புகழ்ந்து பாடும் பாடாண் படலத்தில் இதற்கு 'கடவுள் மாட்டு மானிடப் பெண்டிர் நயந்த பக்கம்' என்று தனித் துறையே உண்டு. கருவி அகம், கணக்கு புறம்.

மறுமொழி 2 | அரையர்சேவை

இலக்கணக்காரருக்கு அது சரி. வைணவ உரைகாரர்கள் புறம், பாடாண் என்றெல்லாம் போகவே மாட்டார்கள். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் ஒரே வரியில் முடிக்கிறார்: 'ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு'. தெளிவில் ஆழ்வார் தாமாகப் பேசுவார், காதலில் பெண்ணாக. நம்மாழ்வாரை முன்வைத்து எழுதியதுதான், இங்கேயும் பொருந்தும்.

அதே நூலில் தோழி, தாய், மகள் மூவரும் ஒரே ஆழ்வாரின் மூன்று நிலைகள். 'நீ அவனுக்கு உரியவள்' என்ற உறவை உணர்ந்தவள் தோழி. 'அவனே வழி, அவன் வரும்வரை பொறு' என்று துணிந்தவள் தாய். பொறுக்க மாட்டாத பதற்றம் மகள். அன்றில் குரலில் துடிப்பவள் இந்த மூன்றாமவள். பாசுரம் படிக்கும்போது முதலில் பேசுவது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு ஸ்வாபதேசப் பொருளுக்கு (உள்ளுறைத் தத்துவத்துக்கு) தாவினால் பனையும் புன்னையும் வெறும் அலங்காரமாகிவிடும். கூட்டங்களில் நடக்கிற பெரிய தப்பு அதுதான்.

மறுமொழி 3 | மரைக்காயர்தெரு

பக்கத்திலேயே கீழக்கரை இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். திணை நிலம் அங்கேயும் இதே மாதிரி வேலை செய்கிறது. சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர் நபியின் வரலாற்றைப் பாடிய சீறாப்புராணம் 17ஆம் நூற்றாண்டு. மூன்று காண்டம், ஐயாயிரத்துச் சொச்சம் பாட்டு. பெருங்காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, வளநகர் எல்லாம் வர வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். புலவர் அதன்படியே நாட்டுப்படலம் பாடினார். அரபு நாட்டில் மழை வெள்ளம் பெருகி வயலில் நெல் விளைகிறது. "பாலைவனத்தில் ஏது வயல்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அங்கே பூகோளம் கேட்கக் கூடாது. நபி பிறக்கும் நாடு என்றால் தமிழ்க் காப்பியத்தில் அது மருதமாகத்தான், வயல் நிலமாகத்தான் இருந்தாக வேண்டும். மருதம்தான் இங்கே வளத்துக்குச் சொல்.

கேட்டவர் | செருந்திநிழல்

அப்படியானால் 9-4ஐ முதலில் வைத்து, யார் யாரிடம் பேசுகிறார் என்று பிரித்துவிட்டு, ரசப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். சீறா நாட்டுப்படலத்தில் ஒரு பத்துப் பாட்டு போதுமா?

மறுமொழி 3 | மரைக்காயர்தெரு

தாராளம். கம்பனின் நாட்டுப்படலத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.