மெருகிட்ட துத்தநாகத்தில் விழுந்த கோடுகள்

திருவொற்றியூரிலிருந்து:

கோடை விடுமுறை முழுவதும் வியாசர்பாடியில் மாமாவின் லேத் பட்டறையில்தான் கிடந்தேன். துத்தநாகத் துண்டு ஒன்றையும் அலுமினியத் துண்டு ஒன்றையும் எமரித் தாளில் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்றினேன். மின் உலையில் 150 டிகிரிக்குச் சூடாக்குவதும் வெளியே வைத்து ஆறவிடுவதுமாக 25 முறை. அலுமினியம் அப்படியே மின்னியது. துத்தநாகம் மங்கிவிட்டது.

"உப்புக்காற்று அரித்திருக்கும், மாப்பிள்ளை" என்றார் மாமா. கடலோரத்தில் வளர்ந்தவன், நானும் நம்பினேன். கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தபோது அரிப்பின் தடயமே இல்லை. உலோகம் படிகமணிகள் எனும் சின்னஞ்சிறு படிகங்களால் ஆனது; ஒவ்வொரு மணிக்குள்ளும் சீப்பால் வாரியது போல் இணைகோடுகள், மணிகளின் எல்லையில் மேடும் பள்ளமும். உலோகம் உள்ளிருந்தே நெளிந்திருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

போவாஸ், ஹனிகோம்ப் என்ற உலோகவியலாளர்கள் இருவரும் 1940களிலேயே இத்தகைய சோதனைகளைச் செய்து காரணத்தை விளக்கியிருக்கிறார்கள். துத்தநாகப் படிகம் அறுகோண வகை. டிகிரிக்கு, நெட்டச்சில் (அறுகோணத் தூணின் உயரவாக்கில்) பத்து லட்சத்தில் சுமார் 60 பங்கு விரியும். குறுக்கே 15 பங்குதான். அடுத்தடுத்த மணிகள் வெவ்வேறு திசையில் கிடப்பதால், ஒன்று நீள வேண்டிய இடத்தில் மற்றது இடம் விடாது. 120 டிகிரி மாற்றத்துக்கு இந்த வேறுபாடு அரை சதவீதத்தைத் தாண்டும். அவ்வளவையும் மீள்தன்மையால் (நீண்டு பழைய வடிவுக்கே திரும்பும் இயல்பால்) தாங்க முடியாமல், மணிக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த வழுக்கலே கோடு. அலுமினியம் கனசதுர வகை, எப்பக்கமும் ஒரே விரிவு.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணா, என்னை ஏமாற்றியது தூள். துத்தநாகத்தை அரத்தால் ராவி, ராவியதால் ஏறிய தகைவு (உள்ளிறுக்கம்) தீரட்டும் என்று 200 டிகிரியில் வைத்து, உடனே வெளியே எடுத்து ஆறவிட்டேன். தளர்ந்து கிடக்கும் தூளில் ஒரு துகளை இன்னொன்று நெருக்காதே என்பது என் கணக்கு. எக்ஸ் கதிர்ப் படத்தில் உச்சிகள் (தகைவு இருந்தால் அகலும் கூர்முனைகள்) ஒடுங்கின, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

ஒரு துகள் என்பதே பல மணிகளின் கட்டு என்பது பிறகுதான் உறைத்தது. சல்லடையில் பிரிந்து விழுவது துகள்கள் மட்டுமே. துகளுக்குள் ஒட்டிய மணிகள் ஆறும்போது ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரே படிகமாக இருக்கும் துகளுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது உலையை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் விட்டுவிடுகிறேன். 420 டிகிரியிலேயே உருகும் உலோகம் அல்லவா, மெல்ல ஆறினால் தகைவில் ஒரு பகுதியைத் தானே தளர்த்திக்கொள்கிறது. உச்சிகள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கின்றன.